முதலில் தூக்கியவர்

எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனுக்கு நல்ல குடித்தனம் அமையவில்லை என்று இந்தப் பக்கத்தில் நான் புலம்பியது வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நாய் வைத்திருந்தவரை என் மனைவி ஸ்டெல்லா வேண்டாம் என்றாள். வயலின் கற்றுக்கொள்கிறவரை நான் வேண்டாம் என்றேன். இப்படியே இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம், எங்கள் சர்ச் செக்ரட்டரி வந்தார். ரிடையர்ட் ஹெட்மாஸ்டர். உட்காருங்கள் என்றால் உட்கார மாட்டார் — நின்றுகொண்டே காரியத்தை முடித்துவிட்டுப் போகிறவர்.

"தம்பி, கீழ் போர்ஷன் காலியாத்தானே இருக்கு? ஒரு பேஷன்ட் வர்றாங்க. ஹார்ட் ஆபரேஷன். ரெண்டு மாசம் தங்கணும்."

"எந்த ஊர் சார்?"

"மிசோரம்."

"மிசோரத்துல எங்கே?"

"அதுக்கு மேல இந்தியா கிடையாது. அங்கே."

எத்தனை பேர் என்று கேட்டேன். ஐந்து பேராம். தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருகிறது, பம்ப் வேறு மக்கர் பண்ணுகிறது என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது. "கொடுத்துட்டோம்னு சொல்லுங்க."

முடிந்தது. இந்த வீட்டில் முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

சனிக்கிழமை மத்தியானம், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். தெருவில் ஏதோ சலசலப்பு. எட்டிப் பார்த்தேன்... பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

குள்ளமான, அகலத் தோள் கொண்ட ஒரு மனிதர் நடந்து வருகிறார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் ஒரு பட்டை. அந்தப் பட்டையிலிருந்து முதுகில் ஒரு பிரம்பு நாற்காலி தொங்குகிறது. நாற்காலியில், பின்பக்கம் பார்த்தபடி, போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண். பக்கத்தில் ஒருவர் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு வருகிறார். பின்னால் ஒரு ஆட்டோ, மூட்டை முடிச்சுகளும் இரண்டு இளைஞர்களுமாக, மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து வருகிறது.

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார். "சார், நீங்களாவது சொல்லுங்க சார். ஸ்டேஷன்லேந்து கூப்ட்டுகினே வர்றேன். இந்தாளு ஏறவே மாட்டேன்னுட்டாரு. ஆட்டோ குலுங்குமாம், அக்காவுக்கு மூச்சு முட்டுமாம். நானும் பின்னாடியே உருட்டிகினு வந்துட்டேன். செம பேஜாரு சார்!"

தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து கேம்ப் ரோட்டைத் தாண்டி எங்கள் தெரு வரைக்கும் நடந்து பார்த்திருக்கிறீர்களா? ஜூன் மாத மத்தியானத்தில்? நான் கறிவேப்பிலை வாங்கவே ஸ்கூட்டரில் போகிறவன்.

அந்த மனிதர் கேட்டுக்குள் வந்து, கீழ்ப் போர்ஷன் கூடத்தில் கட்டில் எங்கே இருக்கிறது என்று கண்ணால் கேட்டு, மெதுவாக முழங்கால் மடித்து, நாற்காலியைத் தரையில் வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீரைத் தளும்பாமல் வைக்கிற மாதிரி வைத்தார். பிறகுதான் நெற்றிப் பட்டையை எடுத்தார். அந்த இடம் செக்கச் சிவந்திருந்தது.

குடை பிடித்து வந்தவர் பெயர் தங்கா. அந்தப் பெண்ணின் கணவர். ஊரில் ஆரம்பப் பள்ளி வாத்தியார், நன்றாக இங்கிலீஷ் பேசுவார். ஸ்டெல்லா முதல் நாளே அவரைத் 'தங்கம் சார்' ஆக்கிவிட்டாள். அவர் மனைவி ரெமி. முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் வீட்டுப் பெண் மாதிரி ஆகிவிட்டதால் 'அவள்' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆட்டோவில் வந்த இருவரும் ரெமியின் தம்பிகள். தூக்கி வந்தவர் பெயர் கூமா.

"இவர் உங்களுக்கு அண்ணனா?" என்று தங்காவிடம் கேட்டேன்.

"இல்லை. சொந்தமே இல்லை. இவர்தான் முதலில் தூக்கியவர்."

எனக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலம் மாடிக்கு வந்து டீ குடித்தபடி தங்கா புரியவைத்தார்.

அவர்கள் ஊர் ஒரு ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிறது. இந்தக் கரை இந்தியா. அந்தக் கரை பர்மா. ஒரே பாஷை, ஒரே ஜனம், கல்யாணம் காட்சி எல்லாம் குறுக்கும் நெடுக்குமாக. நடுவில் யாரோ, எப்போதோ, ஆற்றோடு ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ரெமி பிறந்த வீடு அந்தக் கரையில். மார்ச் மாதம் அம்மாவைப் பார்க்கப் போன இடத்தில்தான் அவளுக்கு மூச்சுத் திணறல் வந்திருக்கிறது. நாலு அடி வைத்தால் உதடு நீலம் பூத்துவிடுமாம்.

"அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி?"

"நாலு நாள் நடை. வழியில் பட்டாளம் இருக்கும். போனாலும் மருந்து இருக்குமா என்று சொல்ல முடியாது."

"உங்கள் பக்கம்?"

"ஒரு சப்-சென்டர் இருக்கிறது. நல்ல கட்டடம்."

"டாக்டர்?"

"நல்ல கட்டடம்" என்றார் மறுபடியும். வாத்தியார் அல்லவா, யாரையும் குறை சொல்லத் தெரியவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் ஊர்ப் பெரியவர்கள் கூடி, வீட்டுக்கு ஒரு ஆள் என்று முறை போடுகிறார்கள். ஆள் மாற்றி ஆள், நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஜீப் வருகிற ரோடு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ரெமியைத் தூக்கியவர்கள் பதினான்கு பேர். இரண்டு மலை. இரண்டரை நாள். ரோட்டுக்கு வந்ததும் மற்றவர்கள் திரும்பிப் போகலாம். ஆனால், முதன்முதலில் தோள் கொடுத்தவர் போகக் கூடாது. நோயாளிக்குக் குணமாகிறவரை கூடவே இருக்க வேண்டும்.

கூமா அந்தக் கரைக்காரர். ரெமியின் அம்மா வீட்டுக்கு அடுத்த வீடு. கூப்பிட்ட குரலுக்கு முதலில் வந்து குனிந்தவர் அவர்தான். ஆகவே ஆற்றைத் தாண்டி, மலை தாண்டி, ஜீப், பஸ், ஐஸ்வாலில் இரண்டு மாதம் வைத்தியம், அங்கே டாக்டர்கள் 'இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டது, மெட்ராஸுக்குப் போங்கள்' என்று சொன்னதும் மறுபடியும் பஸ், மூன்று நாள் ரயில்... தாம்பரம் வரைக்கும் வந்துவிட்டார்.

தாம்பரத்துக்காரர்களான எங்களுக்கு ஒரு நிரந்தரக் குறை உண்டு. நாங்கள் ஓரத்தில் இருக்கிறோமாம். மயிலாப்பூருக்குப் போனால்கூட 'சிட்டிக்குப் போறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிற ஜாதி. ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஒரு மணி நேரம் போக வேண்டியிருக்கிறதே என்று நானே இங்கே ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன். அன்று டீ டம்ளரை வைத்துக்கொண்டு என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எல்லை என்றால் எனக்குப் பட்டாளம், முள்கம்பி, செய்தித்தாள் போட்டோ. அவர்களுக்கு அது டாக்டர் வந்து சேராத இடம். அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் — பெயர் வேண்டாம், ட்ரெயினில் போய் வருகிற தூரம்தான் — நாலு நாள் டெஸ்ட் எல்லாம் எடுத்து ரெமியைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று தேதி கொடுத்தார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி ஒன்றரை மாதம் கழித்து. பெரிய டாக்டர் தங்காவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: ஒன்றரை மாதம் அந்த இதயம் தாங்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. புதன்கிழமைக்குள் நாலு பாட்டில் ரத்தம் தர வேண்டும். எந்த குரூப்பானாலும் பரவாயில்லை, பிளட் பேங்கில் மாற்றிக்கொள்வார்கள்.

நாலு பாட்டில். நாலு ஆண்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தேக்கங்கட்டை மாதிரி. இதில் என்ன கஷ்டம்? திங்கட்கிழமை நான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நால்வரையும் பிளட் பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூமா அன்று தலைக்கு எண்ணெய் வைத்து, படிய வாரிக்கொண்டு, தம்பிகளில் ஒருவனின் நல்ல சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

நாலு ஃபார்ம். தங்காவே பூர்த்தி செய்தார். கவுன்டரில் இருந்த பெண்மணி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், கூமாவின் ஃபார்மில் நின்றார். விலாசம் என்ற இடத்தில் பர்மா என்று இருந்தது. வாத்தியார் பொய் எழுதுவாரா? அந்தம்மா கூமாவை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து உள்ளே போய் சீனியரிடம் ஏதோ கேட்டார். சீனியர் வெளியே வந்து, அவரும் கூமாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தங்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவங்க யாருக்காவது மலேரியா வந்திருக்கா?"

தங்கா சிரித்தார். "எங்கள் ஊரில் எல்லோருக்கும் வரும் சார். வருஷா வருஷம் வரும்."

சீனியர் பேனாவை எடுத்து நாலு ஃபார்மிலும் குறுக்கே ஒரு கோடு போட்டார். ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னார் — மலேரியா வந்தவர்களின் ரத்தத்தை எடுக்கக் கூடாது, பேஷன்டுக்கே ஆபத்து, ஸாரி.

தங்காவின் முகம் காகிதமாக வெளுத்துவிட்டது. மற்ற மூவரும் அவரையே பார்த்தார்கள். அவர் தங்கள் பாஷையில் நாலைந்து வார்த்தைதான் சொன்னார். திரும்பி வர ட்ரெயின் ஏறினோம். கூமா மட்டும் ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் எழுந்து கதவோரம் போய்ப் போய் வந்து உட்கார்ந்தார். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எழுத்தாளன் என்றால் மனிதர்களைப் படிக்கத் தெரியும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கூமாவைக் காணவில்லை.

படுக்கையைச் சுருட்டி வைத்திருந்தார். இரவல் சட்டையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார். செருப்பு இல்லை, ஆள் இல்லை. மெட்ராஸில் ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர்! ரெமிக்குச் சொல்ல வேண்டாம் என்று ஆளுக்கொரு பக்கம் தேடினோம். தம்பிகள் மார்க்கெட் பக்கம். நானும் தங்காவும் ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, ஜி.எஸ்.டி. ரோடு. பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரிடம் ஆள் அடையாளம் சொன்னபோது, "நேபாளி கூர்க்காவா சார்?" என்றார். பதினோரு மணி ஆகிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ரயில் தண்டவாளம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ஆளைக் காணோம் என்று எழுதிக் கொடுக்க.

உள்ளே நுழைந்தால்... பெஞ்சில் கூமா உட்கார்ந்திருக்கிறார். கையில் டீ கிளாஸ்.

ஏட்டு எழுந்து வந்தார். ஏகாம்பரம் என்று பெயர்ப் பட்டை. கனத்த மீசை, கனத்த தொந்தி.

"உங்க ஆளா சார் இவரு? அப்பாடா! காலைல ஏழு மணிலேந்து குந்திகினு கீறாரு. இன்னா சொல்றாருன்னே புரில. ரெண்டு கையையும் இப்டி முன்னால நீட்டிகினு நிக்கிறாரு. விலங்கு போடுன்றாரு போல கீது. இன்னா கேஸுன்னு சார் போடறது? டீ வாங்கிக் குடுத்தேன். குடிச்சுட்டு மறுபடியும் கைய நீட்டுறாரு. இது மூணாவது டீ!"

தங்கா, கூமாவின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். கூமா கொஞ்சம்தான் பேசினார். தங்கா எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. இங்கிலீஷில் எனக்குச் சொன்னார். நான் ஏட்டையாவுக்குத் தமிழில் சொன்னேன்.

கூமா சொன்னது இதுதான்.

"அந்த அம்மா என் ஃபார்மைப் பார்த்துத்தான் நின்றார். என்னைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். அதிகாரி வந்து என்னைப் பார்த்த பிறகுதான் நாலையும் அடித்தார். நான் அந்தக் கரை ஆள். என்னால்தான் மற்ற மூன்று பேரின் ரத்தமும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. எங்கள் பக்கம் பட்டாளம் வந்து ஊரை வளைத்தால், எங்களில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு முன்னால் போவார். அவரைப் பிடித்துக்கொண்டு ஊரை விட்டுவிடுவார்கள். என்னைப் பிடித்துக்கொள்ளட்டும். அவர்கள் மூன்று பேரின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு அவளைப் பிழைக்க வைக்கட்டும்."

சும்மா எங்காவது போயிருக்கலாமே என்று தங்கா கேட்டாராம். அதற்கும் பதில் இருந்தது. "ஓடிப்போனால் ஒளிந்திருக்கிறேன் என்றல்லவா நினைப்பார்கள்? பிடித்து வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு நம்பிக்கை வரும்."

இத்தனை வருஷம் மனிதர்களைப் பற்றி எழுதிச் சம்பாதித்துச் சாப்பிடுகிறேன்... இப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

தங்கா அவருக்கு மலேரியா விஷயத்தை விளக்கினார். கூமா நம்பவே இல்லை. வெறும் காய்ச்சலுக்கா? காய்ச்சல் எல்லோருக்கும்தானே வருகிறது? அதுவும் ஒரு வியாதியா? இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில், நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. கையில் ஒரு காகிதம் இல்லாத வெளிநாட்டுக்காரரைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்துக்கொண்டு, பர்மா கிர்மா என்று நானே சத்தமாக மொழிபெயர்த்திருக்கிறேன். ஏட்டையா மீசையைத் தடவிக்கொண்டு கூமாவையே பார்த்தார்.

"சார், அவர் பேசினது எனக்குப் புரில. நீங்க சொன்னது எனக்குக் காதுல உழல. ஆளக் காணோம்னு எழுத வந்தீங்க. ஆள் கெடச்சுட்டாரு. கூட்டிகினு போங்க."

வாசல் வரைக்கும் வந்தவர் நின்றார். "அந்த அம்மாவுக்கு எத்தினி பாட்டில் வோணும்?"

"நாலு."

"மலேரியாலாம் நமக்கு வந்ததில்ல. நாளைக்குக் காலைல டூட்டி முடிச்சுட்டு நேரா வர்றேன். எங்க வரணும், சொல்லுங்க."

ஒரு பாட்டில் ஆயிற்று. மற்ற மூன்று? ஸ்டெல்லா, நான் கேட்பதற்கு முன்பே, "என்னைச் சேத்துக்குங்க" என்றாள். மூன்றாவது ஆளாக என் ட்ரெயின் சிநேகிதர் சம்பந்தத்தைப் பிடித்தேன். கீழ்க்கட்டளைவாசி, தினமும் பல்லாவரத்தில் ஏறுகிறவர். கூமா கதையைச் சொன்னேன். "மச்சான், என் உடம்புல குத்தினா ஃபில்டர் காபிதான்டா வரும்" என்றார். ஆனால், புதன்கிழமை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

நாலாவது ஆள் நான். மறைப்பானேன், எனக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே அலர்ஜி. அதைப் பார்த்ததும் பிளட் பிரஷர் எகிறிவிட்டது. "போய் அரை மணி நேரம் உட்காருங்க சார்" என்று அனுப்பிவிட்டார்கள். ஏட்டையா கொடுத்து முடித்து, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னா சார், அவ்ளோ தூரம் ஆளத் தூக்கிகினு வந்திருக்காரு, நீங்க ஒரு பாட்டிலுக்கு இப்டி வேர்த்துப் போறீங்களே?" என்றார். அந்த அவமானத்தில் பிரஷர் தானாக இறங்கிவிட்டது.

கூமா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் ஒவ்வொருவராகக் கையை மடக்கிக்கொண்டு வெளியே வரும்போது கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தார், மறந்துவிடக் கூடாது என்பதுபோல.

வியாழக்கிழமை ஆபரேஷன். ஐந்து மணி நேரம். தங்கா கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். தம்பிகள் சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். கூமா தியேட்டர் கதவைப் பார்த்தபடி நின்றார். உட்காரவே இல்லை. நர்ஸ் ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டும் உட்காரவில்லை. தங்கா சொன்னார்: "வழியில் இருக்கும்போது தூக்குகிறவர் உட்காரக் கூடாது. அவள் இன்னும் வழியில்தான் இருக்கிறாள்."

டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். தங்கா அழுதுவிட்டார். நானும்தான். கூமா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார், உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனார்.

இரண்டு வாரம் கழித்து ரெமி கீழ்ப் போர்ஷனுக்குத் திரும்பி வந்தாள். உதட்டில் சிவப்பு வந்திருந்தது. டாக்டர், தினம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கச் சொல்லியிருந்தார். முதலில் கூடத்துக்குள். பிறகு கேட் வரைக்கும். பிறகு தெருமுனை மளிகைக் கடை. மளிகைக் கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து இவளுக்காகச் சைக்கிள்களை எல்லாம் நகர்த்தி வைப்பார். கடைசி செக்-அப்பில் டாக்டர், இனிமேல் ஊருக்குப் போகலாம், மலைகூட ஏறலாம், மெதுவாக ஏறினால் போதும் என்று சொல்லிவிட்டார்.

போன வியாழக்கிழமை தங்கா மேலே வந்து என்னிடம் ஒரு விஷயம் கேட்டார். ஏட்டையா வீடு எங்கே? சம்பந்தம் சார் வீடு எங்கே?

"எதுக்கு சார்? நானே அவங்களை இங்கே வரச் சொல்றேனே?"

"இல்லை. அவள்தான் போக வேண்டும். நடந்து."

அந்த வழக்கத்தின் மீதிப் பாதி எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குணமானவர், தன்னைத் தூக்கிய ஒவ்வொருவரின் வீட்டு வாசலுக்கும் தன் காலால் நடந்து போய் நிற்க வேண்டும். அதுவரை, தூக்கியவர் தோளில் பாரம் இருப்பதாகத்தான் அர்த்தம். இவள் போய், 'நீங்கள் தூக்கினீர்கள், நான் நடந்து வந்தேன்' என்று சொல்ல வேண்டும். அவர், 'இறக்கிவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். வேறு நன்றி, பரிசு, விருந்து எதுவும் கிடையாது.

"ரத்தம் கொடுத்ததும் தூக்கியதுதான் என்று கூமா சொல்லிவிட்டார்" என்றார் தங்கா. "முதலில் தூக்கியவர் சொன்னால் சரிதான்."

வெள்ளிக்கிழமை பெருங்களத்தூர். பஸ்ஸில் போய் இறங்கி, ஏட்டையா இருக்கும் தெரு முழுக்க ரெமி நடந்தாள். பின்னால் நாங்கள். ஏட்டையா லுங்கியும் பனியனுமாகக் கதவைத் திறந்தவர், எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடி ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ரெமி அந்த வாக்கியத்தைத் தன் பாஷையில் சொன்னாள். தங்கா இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னேன். ஏட்டையா விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். "எறக்கிட்டேம்மா" என்றார்.

சனிக்கிழமை கீழ்க்கட்டளை. சம்பந்தம் எப்போதும் ஏதாவது ஜோக் வைத்திருப்பவர். 'இறக்கிவிட்டேன்' என்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொள்ள உள்ளே போனவர், நாங்கள் கிளம்பும்போதுதான் வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் முறை. கீழே இருப்பவள் மேலே வர வேண்டும், அவ்வளவுதானே? இல்லையாம். முறை என்றால் முறை. கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய், மறுபடியும் தெருவிலிருந்து உள்ளே வந்தாள். நானும் ஸ்டெல்லாவும் மாடி வாசலில் நின்றோம். பதினெட்டுப் படி. நான் இறங்கப் போனேன், ஸ்டெல்லா சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். ரெமி கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஏறினாள். நடுவில் இரண்டு தடவை நின்றாள். மூச்சு வாங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது... சீரான, சாதாரணமான மூச்சு. நானும் நீங்களும் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை வாங்கிக் கவனிக்காமல் விட்டுவிடுகிற அதே மூச்சு. அதைக் கேட்டுக்கொண்டு நான் கையைக் கட்டி நின்றேன்.

மேலே வந்து எங்கள் எதிரே நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னாள். யாரும் மொழிபெயர்க்கவில்லை. ஸ்டெல்லா, "இறக்கிவிட்டேன்" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டாள். நானும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று சென்ட்ரலில் ரயிலேற்றிவிட்டு வந்தோம். ரயில் கிளம்புவதற்கு முன்னால் ஜன்னல் வழியாகத் தங்காவிடம் கேட்டேன், "அப்போ, எல்லாரும் இறக்கியாச்சா?"

"எங்கே? ஊரில் பதினான்கு வீடு பாக்கி இருக்கிறது" என்று சிரித்தார். "முதலில் தூக்கியவர் வீட்டுக்குக் கடைசியாகத்தான் போக வேண்டும். கூமாவின் வீடு அந்தக் கரை. ஆற்றைத் தாண்டி நடந்து போவாள்."

அது வேறு நாடாயிற்றே, விடுவார்களா, பாஸ்போர்ட் வேண்டாமா என்றெல்லாம் கேட்க எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ரெமியைப் பார்த்தேன். கேட்கவில்லை.

போய்ச் சேர்வதற்கு என்ன வேண்டுமோ, அது இப்போது அவளிடம் இருக்கிறது.